கட்டப்படாத நகரங்கள்: ஒரு திட்டம் எந்த இடத்தில் நின்றுபோகிறது?

ஒரு மைல் உயரமுள்ள கோபுரம், பாரிஸின் நடுவே வரிசையாக நிற்கும் பதினெட்டு வானுயர்ந்த கட்டடங்கள், ஒன்றரை லட்சம் பேர் ஒரே கூரையின் கீழ் கூடக்கூடிய மண்டபம் என்று, கட்டப்படாமலே போன திட்டங்களின் படங்களை நாம் அடிக்கடி பார்க்கிறோம். பார்த்தவுடன் இரண்டு விதமான பேச்சு எழும். "எப்பேர்ப்பட்ட மூளை! அந்தக் காலத்து மக்களுக்குத்தான் அருமை தெரியவில்லை" என்று சிலர் சொல்வார்கள். "காகிதத்தில் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் வரையலாம்" என்று வேறு சிலர் சொல்வார்கள். கேட்க வேண்டிய கேள்வியை இரண்டு பேச்சுமே தாண்டிப் போய்விடுகின்றன. அந்தத் திட்டம் எந்தக் கட்டம்வரை வந்தது? எது அதைத் தடுத்தது? அதற்குள் யார் எதை இழந்திருந்தார்கள்? இந்தத் துறைக்குப் புதியவர்களும் இக்கேள்விகளுக்கு விடை தேடிக்கொள்ள உதவும் வகையில், உண்மையான சில திட்டங்களைக் கொண்டு இதை விளக்க முயல்கிறேன்.

வீட்டு மனையிலிருந்து தொடங்குவோம்

ஒரு குடும்பம் மூன்று சென்ட் மனையில் வீடு கட்ட நினைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பொறியாளர் ஒரு வாரத்தில் வரைபடம் போட்டுக் கொடுத்துவிடுவார். ஆனால் வீடு எழும்ப எட்டுப் பத்து மாதமாவது ஆகும். சில வீடுகளுக்கு எட்டுப் பத்து ஆண்டுகளும் ஆவதுண்டு. அந்தக் காலமெல்லாம் செங்கல் அடுக்குவதிலேயே போய்விடுவதில்லை. பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும், வில்லங்கச் சான்று எடுக்க வேண்டும். அண்ணன் தம்பி நான்கு பேரின் கையெழுத்து தேவையென்றால், வெளிநாட்டில் இருக்கும் நான்காமவர் ஊருக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். மனை பழைய ஏரியைத் தூர்த்த இடத்தில் இருந்தால், களிமண் எவ்வளவு ஆழம் போகிறது என்பது அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டும்போதுதான் தெரியவரும். பிளான் அப்ரூவல் வர வேண்டும். வங்கியோ கடன் முழுவதையும் ஒரேயடியாகத் தராது. பேஸ்மட்டம் எழுந்ததும் ஒரு தவணை, தளம் போட்டதும் ஒரு தவணை என்று பிரித்துத்தான் தரும். இவற்றில் ஒன்று தடைப்பட்டாலும் வரைபடம் பீரோவிலேயே தங்கிவிடும். அந்த வரைபடத்தில் ஒரு குறையும் இல்லாமலிருக்கலாம்.

நகரத் திட்டமும் இதே சங்கிலிதான். ஒரு மனைக்குப் பதில் ஆயிரக்கணக்கான மனைகள், நான்கு கையெழுத்துக்குப் பதில் பல்லாயிரம் கையெழுத்துகள், ஒரு வங்கிக்குப் பதில் அரசின் கருவூலம், பத்து மாதத்திற்குப் பதில் பல தேர்தல்கள். இதில் 'மாஸ்டர் பிளான்' என்று நாம் சாதாரணமாகச் சொல்லும் முழுமைத் திட்டம், எந்த நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம், எந்தச் சாலை எங்கே எவ்வளவு அகலத்தில் வர வேண்டும் என்பதைப் பல ஆண்டுகளுக்கு முன்கூட்டியே தீர்மானிக்கும் சட்ட ஆவணமாகும். சென்னைப் பெருநகருக்கு 2008இல் நடைமுறைக்கு வந்த இரண்டாம் முழுமைத் திட்டம் 2026ஆம் ஆண்டை இலக்காகக் கொண்டது. அந்த ஆவணம் தானாக ஒரு செங்கல்லையும் எடுத்து வைப்பதில்லை. எங்கே எதைக் கட்டலாம் என்று மட்டும் அது சொல்லும். கட்டுவதற்கான நிலமும் பணமும் ஆட்களும் வேறு இடங்களிலிருந்து வர வேண்டும்.

இன்னொரு வேறுபாட்டையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கட்டப்படாதவை எல்லாம் ஒரே இனம் அல்ல. சில திட்டங்கள் வாதம் செய்வதற்காகவே வரையப்பட்டவை. 1784இல் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் பூலே, அறிவியலாளர் நியூட்டனின் நினைவாக ஏறத்தாழ 150 மீட்டர் உயரமுள்ள ஒரு கோள மண்டபத்தை வரைந்தபோது, அது எழும்பும் என்று யாரும் செங்கல்லுக்கு ஆர்டர் கொடுக்கவில்லை. வேறு சில, கட்டுவதற்கென்றே தீட்டப்பட்டு முதல் கல்லுக்கு முன்பே நின்றவை. இன்னும் சில, அஸ்திவாரம் போட்ட பிறகு நின்றவை. இந்த மூன்றையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவதால்தான் பாதிக் குழப்பம் வருகிறது.

நிலம் யாருடையது? 1666இன் லண்டன்

1666 செப்டம்பர் 2ஆம் தேதி ஞாயிறு அதிகாலையில், லண்டனின் புட்டிங் லேன் என்ற சந்தில் இருந்த ரொட்டிக் கடையில் தீப்பிடித்தது. நான்கு நாட்கள் எரிந்த அந்தத் தீயில் சுமார் 13,200 வீடுகளும் 87 தேவாலயங்களும் அழிந்தன. சாம்பல் முழுவதும் ஆறுவதற்கு முன், செப்டம்பர் 11ஆம் தேதியே, கிறிஸ்டோபர் ரென் புதிய லண்டனுக்கான வரைபடத்தை அரசர் இரண்டாம் சார்லஸிடம் கொடுத்துவிட்டார். அப்போது அவர் ஆக்ஸ்போர்டில் வானியல் பேராசிரியர், வயது 33. வளைந்து நெளிந்த சந்துகளுக்குப் பதிலாக 90 அடி, 60 அடி, 30 அடி என்று மூன்று அகலங்களில் நேரான தெருக்களையும், வணிகர்களின் பரிவர்த்தனை மாளிகையிலிருந்து நாலாபுறமும் கிளைபிரியும் சாலைகளையும் அவர் வரைந்திருந்தார். எழுத்தாளர் ஜான் ஈவ்லின், அறிவியலாளர் ராபர்ட் ஹூக் போன்றோரும் தங்கள் திட்டங்களை முன்வைத்தனர்.

18ஆம் நூற்றாண்டில் பரவி இன்றும் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. அரசரும் நாடாளுமன்றமும் ரென்னின் திட்டத்தை ஏற்றுக்கொண்டதாகவும், பேராசை பிடித்த வணிகர்கள் கெடுத்துவிட்டதாகவும் அந்தக் கதை சொல்கிறது. அது உண்மையல்ல. அந்தத் திட்டம் ஒருபோதும் முறைப்படி ஏற்கப்படவே இல்லை. சில வாரங்களிலேயே பேச்சிலிருந்து விலகிவிட்டது. அது ஏன் என்று புரிய வேண்டுமானால், எரிந்த நிலத்தில் நின்று பார்க்க வேண்டும்.

வீடுதான் எரிந்தது, உரிமை எரியவில்லை. ஒரே குறுகிய மனையில் அடிநிலம் ஒருவருடையது, நீண்டகாலக் குத்தகை இன்னொருவருடையது, அவரிடம் வாடகைக்கு இருந்தவர் மூன்றாமவர் என்று உரிமைகள் அடுக்கடுக்காக இருந்தன. யாருடைய எல்லை எதுவரை என்று காட்டும் துல்லியமான நில வரைபடம் எதுவும் அன்று இல்லை. உரிமையாளர்கள் தங்கள் மனைகளின் விவரத்தைப் பதிவு செய்யுமாறு கேட்டுக்கொள்ளப்பட்டார்கள். வெகு சிலரே பதிவு செய்தார்கள். ரென்னின் 90 அடிச் சாலை இத்தகைய நூற்றுக்கணக்கான மனைகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. ஒருவரின் மனை முழுவதும் சாலைக்குள் போய்விடும், அடுத்தவருடையதில் முக்கோணமாக ஒரு மூலை மட்டும் மிஞ்சும். இழந்தவருக்குப் பணமோ வேறு நிலமோ கொடுத்தாக வேண்டும். ஆனால் முந்தைய ஆண்டுதான் கொள்ளைநோய் நகரத்தைச் சூறையாடியிருந்தது. டச்சுக்காரர்களுடன் போர் நடந்துகொண்டிருந்தது. கருவூலம் வெறுமையாகக் கிடந்தது. மக்களோ நகருக்கு வெளியே திறந்தவெளிகளில் தங்கியிருந்தார்கள், குளிர்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஓரிரு ஆண்டுகள் காத்திருங்கள் என்று சொன்னால் வணிகம் வேறு ஊருக்குப் போய்விடும் என்ற அச்சம் நியாயமானது.

பொது நோக்கத்திற்காக, உரிமையாளர் விரும்பாவிட்டாலும், இழப்பீடு கொடுத்து அரசு நிலத்தை எடுத்துக்கொள்வதை நிலம் கையகப்படுத்தல் என்கிறோம். 1667இன் மறுகட்டுமானச் சட்டம் இந்த அதிகாரத்தைச் சிறிய அளவில் பயன்படுத்தியது. நகருக்குள் வரும் நிலக்கரிமீது வரி விதித்து, அந்தப் பணத்தில் சில தெருக்களை அகலப்படுத்தியது, தேம்ஸ் நதியிலிருந்து நகர மன்றம்வரை கிங் தெரு, குயின் தெரு என்ற புதிய பாதையை உருவாக்கியது. வீடுகள் செங்கல்லாலோ கல்லாலோதான் கட்டப்பட வேண்டும் என்று விதித்தது. எரிந்துபோன வீட்டுக்கும் வாடகை கொடுக்க ஒப்பந்தப்படி கடமைப்பட்டிருந்த குடியிருப்போருக்கும் நில உரிமையாளருக்கும் இடையிலான வழக்குகளைத் தீர்க்க ஒரு தனி நீதிமன்றமே அமைக்கப்பட்டது. ஹூக் நகரத்தின் நில அளவையாளராகி, சாம்பல் மேட்டில் முளை அடித்து ஒவ்வொரு தெருவையும் மனையையும் குறித்துக்கொண்டே போனார். அந்த முளைகளைப் பிடுங்குவோருக்குத் தண்டனை உண்டென்று சட்டத்திலேயே எழுதப்பட்டிருந்தது. நம் மேஸ்திரி சுண்ணாம்புத் தூள் போட்டுக் கோடு இழுத்துவிட்டுப் போன இரவில் பக்கத்து வீட்டுக்காரர் அந்தக் கோட்டை நகர்த்திவிடக் கூடாதே என்று கவலைப்படுவோமே, அதே கவலைதான் அது.

ரென்னின் வரைபடத்தைவிட ஹூக்கின் முளைகள்மீது எனக்கு மரியாதை அதிகம். நகரம் எப்படி மறுபடியும் எழுந்தது என்பதை அவைதான் சொல்கின்றன. இதற்கு மாறாக, 1853 முதல் பாரிஸில் அதன் நிர்வாகியாக இருந்த ஒஸ்மான் அகன்ற சாலைகளை வெட்டித் திறக்க முடிந்ததற்கு, அவருடைய கோடுகள் ரென்னுடையவற்றைவிட அழகாக இருந்தது காரணமல்ல. பேரரசரின் ஆணையாலேயே நிலத்தைக் கையகப்படுத்த வழிசெய்த சட்டமும், பெருங்கடன் வாங்கும் வசதியும் அவருக்கு இருந்தன.

இதுவரை பார்த்ததைச் சுருக்கிச் சொன்னால்: காலியாகத் தெரியும் நிலம் காலி நிலம் அல்ல. அதன்மீது கண்ணுக்குத் தெரியாத உரிமைகள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. அவற்றைப் பிரித்து, விலை கொடுத்து, மறுபடி சேர்க்கும் சட்டமும் பணமும் இல்லாத இடத்தில் எந்த வரைபடமும் தரையில் இறங்காது.

மண் தாங்குமா? பெர்லினின் கான்கிரீட் உருளை

மழை பெய்த மறுநாள் மண் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தால், நான்கு கால்களும் மெல்ல மண்ணுக்குள் இறங்கும். அதே மண்ணில் ஒரு பலகையைப் போட்டு அதன்மேல் நாற்காலியை வைத்தால் இறங்காது, அல்லது குறைவாகவே இறங்கும். எடை அதேதான், அது பரவும் பரப்புதான் மாறியிருக்கிறது. ஒரு சதுர மீட்டர் மண் எவ்வளவு எடையைப் பத்திரமாகச் சுமக்கும் என்பதை அதன் தாங்குதிறன் என்றும், எடையின் கீழ் மண் அழுந்திக் கட்டடம் கீழே இறங்குவதை அமிழ்வு என்றும் பொறியாளர்கள் சொல்வார்கள். எல்லாப் பக்கமும் சமமாகச் சிறிது இறங்கினால் பெரிய ஆபத்தில்லை. ஒரு பக்கம் அதிகமாக இறங்கினால்தான் சுவர் பிளக்கும்.

1930களின் பிற்பகுதியில், ஹிட்லரின் ஆட்சியில், ஆல்பர்ட் ஷ்பியர் என்ற கட்டடக் கலைஞர் பெர்லினை 'உலகத் தலைநகர'மாக மாற்றத் திட்டம் தீட்டினார். 290 மீட்டர் உயரக் குவிமாடத்தின் கீழ் ஒன்றரை லட்சத்திற்கும் மேற்பட்டோர் கூடும் மண்டபமும், 117 மீட்டர் உயரமுள்ள வெற்றி வளைவும் அதில் இருந்தன. பாரிஸில் உள்ள புகழ்பெற்ற வெற்றி வளைவின் உயரம் ஏறத்தாழ 50 மீட்டர்தான். ஆனால் பெர்லின் நிற்பது மணலும் சதுப்பும் கலந்த நிலத்தில். எனவே 1941இல், வளைவின் ஒரு காலின் எடையைப் போன்ற எடையை மண்ணின்மேல் ஏற்றிப் பார்ப்பதற்காகவே, டெம்பெல்ஹோஃப் பகுதியில் 12,650 டன் எடையுள்ள ஒரு கான்கிரீட் உருளையைக் கட்டினார்கள். தரைக்கு மேலே 14 மீட்டர் உயரம், 21 மீட்டர் விட்டம். உள்ளே அளவுக் கருவிகள் வைக்க ஓர் அறை. மூன்று ஆண்டுகளுக்குள் அது சுமார் 19 சென்டிமீட்டர் இறங்கியது. மண்ணை முதலில் செம்மைப்படுத்தாமல் அந்த வளைவை அங்கே எழுப்ப முடியாது என்று உருளை சொல்லிவிட்டது. பிறகு போரின் போக்கு மாறி, முழுத் திட்டமுமே நின்றது.

சுற்றிலும் வீடுகள் இருப்பதால் வெடிவைத்துத் தகர்க்க முடியாத அந்த உருளை இன்றும் அங்கே நிற்கிறது. 1995 முதல் அது பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னம்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். "நல்லவேளை, அது கட்டப்படவில்லை, யாருக்கும் கேடில்லை" என்று இந்தத் திட்டத்தைப் பற்றி எழுதுவோர் உண்டு. அது பெரும் தவறு. இந்தத் திட்டத்தின் பெருஞ்சாலைக்காக இடிக்கப்பட்ட வீடுகளில் இருந்தவர்களைக் குடியமர்த்த, ஷ்பியரின் அலுவலகம் ஆயிரக்கணக்கான யூதக் குடும்பங்களைத் தங்கள் வீடுகளிலிருந்து வெளியேற்றியது. அவர்களில் பெரும்பாலோர் பின்னர் நாடுகடத்தப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். கட்டடங்களுக்கான கல்லை உடைக்க வதைமுகாம்களில் இருந்த கைதிகளைச் சாகும்வரை வேலை வாங்கினார்கள். மண்டபம் எழவில்லை. அதற்கான விலையை மனிதர்கள் ஏற்கெனவே கொடுத்துவிட்டார்கள்.

உயரத்தின் கணக்கு: ஒரு மைல் கோபுரம்

1956இல், 89 வயதில், அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாய்டு ரைட் சிகாகோ நகருக்காக 'தி இல்லினாய்' என்ற கோபுரத்தை அறிவித்தார். 528 மாடிகள், ஒரு மைல், அதாவது சுமார் 1,609 மீட்டர் உயரம். இருபது அடிக்கு மேல் உயரமுள்ள வரைபடத்தின் முன் நின்று அவர் அதை விளக்கினார். கட்டச் சொல்லிக் கேட்ட வாடிக்கையாளர் யாரும் இல்லை. வாங்கப்பட்ட மனையும் இல்லை. இன்று உலகின் மிக உயரமான கட்டடமான துபாயின் புர்ஜ் கலீஃபா 828 மீட்டர்தான். ரைட் வரைந்தது அதைப் போல ஏறத்தாழ இரு மடங்கு.

"அந்தக் காலத்து எஃகு தாங்காது, அதனால்தான் கட்டவில்லை" என்று பலர் சொல்வதுண்டு. எஃகைக் காட்டிலும் பெரிய சிக்கல் லிஃப்டில் இருந்தது. இதைப் புரிந்துகொள்ளக் கல்யாண மண்டபத்துக்குப் போவோம். சாப்பாட்டுக் கூடம் மாடியில் இருக்கிறது, படிக்கட்டு ஒன்றுதான். இருநூறு பேர் வந்த கல்யாணத்தில் முதல் பந்திக்கு ஒருவாறு எல்லோரும் ஏறிவிடுவார்கள். ஆயிரம் பேர் வந்த முகூர்த்த நாளில் படிக்கட்டிலேயே கூட்டம் நின்றுவிடும். மேலே இலை காலியாகக் கிடக்கும். சரி, இன்னும் இரண்டு படிக்கட்டு வைக்கலாம் என்றால், கீழே உட்காரும் இடம் குறையும்.

உயரமான கட்டடத்தில் இதே சிக்கல் பெருகிக்கொண்டே போகிறது. மாடிகள் இரட்டித்தால் ஆட்கள் இரட்டிக்கிறார்கள். ஒவ்வொரு பயணமும் நீள்கிறது. ஆகவே தேவைப்படும் லிஃப்டுகள் இரட்டிப்புக்கும் மேல் ஆகின்றன. ஐந்நூறாவது மாடிக்குப் போகும் லிஃப்டின் குழி, அதற்குக் கீழே உள்ள ஒவ்வொரு மாடியிலும் இடத்தை அடைத்துக்கொள்ளும். ஓர் உயரத்துக்கு மேல், கீழ்மாடிகளில் லிஃப்டுக் குழிகளைத் தவிர வாடகைக்கு விட இடமே மிஞ்சாது. அதோடு, எஃகுக் கயிறு நீள நீள அதன் சொந்த எடையே கூடிவிடும். ஏறத்தாழ 500 மீட்டருக்கு மேல் ஒரே கயிற்றில் தூக்குவது நடைமுறையில் கடினம். அதனால்தான் மிக உயர்ந்த கட்டடங்களில், பேருந்து நிலையத்தில் இறங்கி வேறு பேருந்து ஏறுவதுபோல, நடுவில் இறங்கி வேறு லிஃப்டு ஏறும் மாற்றுத் தளங்களை வைக்கிறார்கள். ரைட்டும் இந்தச் சிக்கலை அறிந்தவர்தான். அணுசக்தியால் இயங்கும் 76 லிஃப்டுகள், ஒவ்வொன்றிலும் ஐந்து அடுக்குப் பெட்டிகள் என்று அவர் எழுதி வைத்தார். அப்படிப்பட்ட லிஃப்டு அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

என் கருத்தில் இல்லினாய் தோற்றுப்போன திட்டம் அல்ல. நகரம் பக்கவாட்டில் பரவிக்கொண்டே போய் வயலையும் காட்டையும் விழுங்குவதைவிட, ஓரிடத்தில் மேலே போய்விடட்டும் என்று சொல்ல வந்த ஒரு முதியவரின் வாதம் அது. முன்பு சொன்ன மூன்று இனங்களில் முதலாவது.

இந்தப் பகுதியின் சாரம்: பெரிதாக்குவது என்பது அதே படத்தை உருப்பெருக்கிப் பார்ப்பதல்ல. அளவு மாறும்போது சிக்கலின் தன்மையே மாறிவிடுகிறது.

அஸ்திவாரம் போட்ட பிறகு: மாஸ்கோ

மூன்றாம் இனத்துக்கு மாஸ்கோவைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. 1931 டிசம்பர் 5ஆம் தேதி, மாஸ்க்வா நதிக்கரையில் இருந்த இரட்சகர் கிறிஸ்து பேராலயத்தைச் சோவியத் அரசு வெடிவைத்துத் தகர்த்தது. அந்த இடத்தில் 'சோவியத்துகளின் மாளிகை' எழ வேண்டும். அதற்கான போட்டியில் உலகப் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர்கள் கலந்துகொண்டார்கள். போரிஸ் இயோஃபானின் வடிவம் தேர்வானது. அது திருத்தித் திருத்தி வளர்ந்து 415 மீட்டர் உயரமாயிற்று. உச்சியில் சுமார் 100 மீட்டர் உயர லெனின் சிலை. அன்று உலகின் உயரமான கட்டடமாக இருந்த நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் 381 மீட்டர் என்பதை நினைவில் கொண்டால், அந்த எண் எங்கிருந்து வந்தது என்பது புரியும்.

வெறும் காகிதமாக அது நிற்கவில்லை. வட்ட வடிவில் பெரும் அஸ்திவாரம் போடப்பட்டது, எஃகுச் சட்டகம் எழத் தொடங்கியது. 1935இல் திறக்கப்பட்ட மெட்ரோ நிலையம் ஒன்றுக்கு, இன்னும் எழாத அந்த மாளிகையின் பெயரையே வைத்துவிட்டார்கள். 1941இல் ஜெர்மனி படையெடுத்தது. எழுந்திருந்த எஃகைக் கழற்றிப் பாலங்களுக்கும் டாங்கித் தடுப்புகளுக்கும் கொண்டுபோனார்கள். போருக்குப் பிறகு வீடிழந்த கோடிக்கணக்கானோர் காத்திருந்த நாட்டில் அந்த எஃகு திரும்பி வரவில்லை.

வட்டக் குழி மட்டும் ஆண்டுக்கணக்கில் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. 1960இல் அதே குழியில் சுமார் 130 மீட்டர் விட்டமுள்ள திறந்தவெளி நீச்சல் குளத்தைத் திறந்தார்கள். வெந்நீர் விட்டிருந்ததால், பனி கொட்டும் குளிர்காலத்திலும் ஆவி பறக்க மக்கள் அதில் நீந்தினார்கள். 1990களில் குளத்தை மூடிவிட்டு, பழைய பேராலயத்தை அதே இடத்தில் மறுபடி கட்டி, 2000இல் திறந்தார்கள். மெட்ரோ நிலையம் 1957லேயே பெயர் மாறிவிட்டது. இன்று அது கிரபோத்கின்ஸ்கயா. இல்லாத மாளிகைக்கு வரவேண்டிய பெருங்கூட்டத்திற்காகக் கட்டப்பட்ட அதன் தூண்களின் நடுவே இன்றும் ரயில்கள் வந்து போகின்றன.

திட்டத்தின் நிழல்

ஒரு நிலத்தின்மேல் சாலை வரப்போகிறது என்று வரைபடத்தில் கோடு விழுந்துவிட்டால், சாலை வருமுன்னரே அந்த நிலத்தின் வாழ்க்கை மாறிவிடும். உரிமையாளர் வெள்ளையடிக்க மாட்டார், மாடி எழுப்ப மாட்டார். எடுத்துக்கொள்ளப்படப் போகும் வீட்டுக்கு ஏன் செலவு செய்ய வேண்டும்? வாங்கவும் ஆள் வராது, வங்கியும் கடன் தராது. இதைத் திட்ட நிழல் என்று சொல்லலாம்: நடக்காத ஒன்றின் அறிவிப்பாலேயே ஒரு பகுதி தேய்ந்துபோவது. நம் ஊர்களிலும் சாலை விரிவாக்கக் கோட்டுக்குள் வரும் வீடுகளின் முன்சுவர் பூசப்படாமல் பல ஆண்டுகள் செங்கல் தெரிய நிற்பதைப் பார்க்கலாம்.

நியூயார்க்கில் ராபர்ட் மோசஸ் என்ற சக்திவாய்ந்த அதிகாரி, மன்ஹாட்டன் தீவின் தென்பகுதியைக் குறுக்கே வெட்டும் பத்துத் தட உயர்மட்ட விரைவுச் சாலையை 1940களிலிருந்து வலியுறுத்தி வந்தார். சுமார் 2,000 குடும்பங்கள் வெளியேற வேண்டியிருந்தது. ஜேன் ஜேக்கப்ஸ் முன்னின்று நடத்திய குடியிருப்போர் போராட்டத்தால் 1962இல் அது நிராகரிக்கப்பட்டது, மீண்டும் தலைதூக்கியது, 1969இல்தான் முற்றிலும் கைவிடப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் சாலைக் கோட்டின் கீழ் இருந்த பழைய வார்ப்பிரும்புத் தொழிற்கூடங்களில் யாரும் முதலீடு செய்யவில்லை. வாடகை மலிந்த அந்தக் கூடங்களுக்கு ஓவியர்கள் குடிவந்தார்கள். அதுதான் பின்னர் உலகம் அறிந்த சோஹோ. 1973இல் அது பாரம்பரியப் பகுதியாகவும் அறிவிக்கப்பட்டது. நிழல் நல்லது செய்தது என்று இதை வைத்து யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. அங்கே வேலை பார்த்துவந்த சிறு தொழிலாளர்கள் இழந்த ஆண்டுகளை எந்தப் பாரம்பரியப் பட்டியலும் திருப்பித் தரவில்லை.

நின்றது வேறு, முடிந்தது வேறு

2014இல் ஆந்திரப் பிரதேசம் பிரிக்கப்பட்ட பின் திட்டமிடப்பட்ட அமராவதியை, 2019க்குப் பிறகு பலர் 'கட்டப்படாத தலைநகரம்' என்றே எழுதத் தொடங்கிவிட்டார்கள். அங்கே நிலத்தைக் கையகப்படுத்தாமல், லேண்ட் பூலிங் எனப்படும் நில ஒருங்கிணைப்பு முறையைப் பயன்படுத்தினார்கள். விவசாயிகள் தங்கள் நிலத்தைச் சேர்த்துக் கொடுப்பார்கள். நகரம் உருவானதும் சாலை, குடிநீர் வசதிகளுடன் கூடிய சிறிய மனைகள் அவர்களுக்குத் திரும்பக் கிடைக்கும். அதுவரை பத்தாண்டுகளுக்கு ஆண்டுத்தொகை உண்டு. ரென்னுக்குக் கிடைக்காத வழி இது. 33,000 ஏக்கருக்கும் மேல் இப்படித் திரண்டது. ஆனால் இந்த முறையில் ஒரு பொறி இருக்கிறது. நகரம் எழுந்தால்தான் திரும்பிவரும் மனைக்கு மதிப்பு. 2019இல் ஆட்சி மாறி, மூன்று தலைநகரங்கள் என்ற யோசனை வந்து, பணிகள் நின்றபோது, உழுவதற்கு வயலும் இல்லாமல் விற்பதற்கு மனையும் இல்லாமல் அந்தக் கிராமத்தவர் ஆண்டுக்கணக்கில் போராட்டப் பந்தலில் உட்கார்ந்திருந்தார்கள். 2024இல் மீண்டும் ஆட்சி மாறியதும் பணிகள் திரும்பத் தொடங்கின. 'கட்டப்படாதது' என்ற சொல்லை நாம் கொஞ்சம் அவசரப்பட்டே பயன்படுத்துகிறோம்.

சண்டிகரிலும் இதைப் பார்க்கலாம். 1925இல் பாரிஸின் நடுப்பகுதியை இடித்துவிட்டு 60 மாடிக் கட்டடங்கள் பதினெட்டை நிறுத்தலாம் என்று, வுவாசன் என்ற கார் உற்பத்தியாளரின் ஆதரவுடன் படம் வரைந்து காட்டியவர் கட்டடக் கலைஞர் லெ கொர்புசியே. 1950இன் இறுதியில் பஞ்சாபின் புதிய தலைநகரான சண்டிகரை வடிவமைக்க அவரை அழைத்தபோது, அவர் அங்கே கட்டியது வானுயர்ந்த கட்டடங்களை அல்ல. 800க்கு 1,200 மீட்டர் அளவுள்ள செக்டர்களில் பரவிய தாழ்ந்த வீடுகளின் நகரம். பிரிவினையில் லாகூரை இழந்து, அகதிகளால் நிறைந்திருந்த ஒரு மாநிலத்தின் பணமும் அவசரமும் அதைத்தான் அனுமதித்தன. தலைமைச் செயலகமும் சட்டமன்றமும் உயர் நீதிமன்றமும் எழுந்தன. அவற்றுக்கெல்லாம் மகுடமாக அவர் வரைந்த ஆளுநர் மாளிகை மட்டும் எழவில்லை. மக்களாட்சியின் தலைநகரில் ஆளுநரின் வீடு எல்லாவற்றுக்கும் மேலே நிற்பது பொருந்தாது என்று நேரு கருதினார். செலவும் அதிகமாக இருந்தது. அங்கே நிலம் இருந்தது, மண் தாங்கியது, வரைபடம் முடிந்திருந்தது. தடுத்தது ஒரு கருத்து.

அதே வளாகத்தில் அவர் நிறுத்த விரும்பிய 'திறந்த கை' என்ற சின்னமும் பணமில்லை என்று ஒதுக்கப்பட்டது. லெ கொர்புசியே 1965இல் இறந்தார். அதற்கு இருபது ஆண்டுகள் கழித்து, 1985இல், 26 மீட்டர் உயரத்தில் அந்தக் கை எழுப்பப்பட்டது. காற்று வீசும் பக்கம் அது இன்றும் திரும்புகிறது. மாளிகைக்காக ஒதுக்கிய இடம் வெறுமையாகவே இருக்கிறது. அதன் வழியே பார்த்தால் சிவாலிக் மலைகள் தெரிகின்றன.